கை பட்ட பூ

அத்தியாயம் 17

பூக்கடை ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போன ஜொவிட்டா, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

மூலையில் நீல பக்கெட்டில் நாற்பது அனிமோன் பூக்கள். எல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தன. புதிதாகப் பார்ப்பவர்கள் செத்தே போச்சு என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பூவின் குணம் அப்படி. இருட்டினால் மூடிக்கொள்ளும். வெளிச்சம் வந்தால், செடியை விட்டு வெட்டி நாலு நாள் ஆனாலும் திரும்பத் திறக்கும். இது தெரியாமல் குப்பையில் கொட்டினவர்கள் இந்த ஆழ்வார்பேட்டையிலேயே எத்தனையோ பேர்.

விளக்கைப் போட்டாள். பக்கெட்டைப் பார்த்தாள். நேற்று சாயந்திரம் ஊற்றிய தண்ணீரில் பாதிதான் மிச்சம். பழைய தண்ணீரைக் கொட்டி, பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி, ஜில் தண்ணீர் பிடித்தாள். ஒவ்வொரு தண்டையும் நீருக்குள் வைத்தே சாய்வாக ஒரு விரற்கடை வெட்டினாள். அவள் முடிப்பதற்குள் முதல் நாலைந்து பூக்கள் மெல்ல விரிய ஆரம்பித்திருந்தன. வெள்ளை இதழ்கள், நடுவில் கறுப்பு வட்டம்.

"கண்ணுக்கு மை வச்ச மாதிரி இருக்குக்கா. என் கல்யாணத்துக்கு இதுதான்" என்று தங்கை லிசா சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

அந்தக் கல்யாணம் இன்றைக்குத்தான். சாயந்திரம் நாலரைக்கு சாந்தோமில், அவர்கள் பங்குக் கோயிலில் பூசை. மாப்பிள்ளை ஸ்டீவ், கே.கே. நகர். தங்கையின் பொக்கேயை அக்காதான் கட்டுவது என்று வருஷம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சை வியாழக்கிழமை அம்மா மர்சலின் வந்து ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போனதைப் போன வாரம் பார்த்தோம்.

"சம்பந்தியம்மா மனசுக்குக் கஷ்டமா இருக்காம் ஜோவி. புருஷன் இல்லாதவ கை பட்ட பூவைக் கல்யாணப் பொண்ணு பிடிக்கலாமான்னு கேக்கறாங்க."

ஜொவிட்டாவின் கணவன் லாய்ட் இறந்து பதினாலு மாதம். டெங்கு. ஐந்தே நாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை காண்கிறவர்கள்தான் இவர்கள். நம்மிடம் இந்த மூடப்பழக்கமெல்லாம் கிடையாது என்று நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்கிறவர்களும்தான். கல்யாணம் என்று வந்துவிட்டால் போதும், எந்தப் பரணிலிருந்தோ எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறார்கள். இதில் பெரிய கொடுமை, ஸ்டீவ் என்கிற வரனைக் கொண்டுவந்ததே லாய்ட்தான். அவனோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த பையன். "நல்ல பையன் அத்தை, நான் கேரண்டி" என்று மாமியாரிடம் வாதாடி முடித்துவைத்தவன் அவன். அவன் பெண்டாட்டியின் கைதான் இப்போது ஆகாத கை.

"இன்னா ஜோவி, அதுக்குள்ள வந்துட்டே?"

கடை முதலாளி அஃப்சருன்னிசா. கடையில் எல்லோருக்கும் அவர் ஆபா, அதாவது அக்கா.

"தண்ணி மாத்த வந்தேன் ஆபா. ராத்திரி பூரா குடிச்சிருக்கு."

"ஒட்டகம் தோத்துடும் இதுங்ககிட்ட." ஆபா பர்தாவைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பக்கெட்டை எட்டிப் பார்த்தார். "அம்பது வந்துச்சே, மீதி எங்க?"

"ஒண்ணு வழியிலேயே ஒடிஞ்சிடுச்சு. ஒம்பது கோணிக்கிச்சு. கண்ணாடிப் பக்கம் வச்சது என் தப்பு."

வெட்டின பிறகும் தண்டு வளர்கிற பூ இது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கழுத்தை நீட்டும். கோணல் பூ பொக்கேக்கு ஆகாது என்று அந்த ஒன்பதையும் நேற்றே ஜொவிட்டா வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

ஆபாவுக்கு மனசு ஆறவில்லை. மனசில் பட்டதைக் கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

"ஒண்ணு கேக்கறேன். மூணு நாளா இந்த நாப்பது பூவுக்கும் வெட்டறது நீ, கழுவறது நீ, தண்ணி மாத்தறது நீ. இதெல்லாம் கை படறதுல சேத்தி இல்லியா? ரிப்பன் கட்டினா மட்டும்தான் கை பட்டுடுமா? உங்கம்மாவாண்ட நான் பேசட்டா?"

"வேணாம் ஆபா. லிசா சந்தோஷமா இருக்கணும். அது போதும்."

சொல்லிவிட்டாள். திரும்பிக்கொண்டு கத்தரிக்கோலைக் கழுவினாள்.

ஒன்பது மணிக்கு மர்சலின் வந்தாள். தலைக்குச் சாயம் புதிது. முகத்தில் மட்டும் ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது. டாக்சியை நிறுத்திவைத்துவிட்டு வந்திருந்ததால் உட்காரவில்லை.

"யாரு கட்டப் போறாம்மா?" ஜொவிட்டா கேட்டாள்.

"பார்லர் பொண்ணு ஷண்முகப்ரியா. தலையலங்காரம் முடிச்சிட்டு அதையும் கட்டித் தர்றேன்னுச்சு."

"அந்தப் பொண்ணுக்கு இந்தப் பூ தெரியுமா?"

"பூன்னா பூதானே."

ஜொவிட்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள்.

"பக்கெட்லயே இருக்கட்டும், வெளிய எடுக்காதீங்க. தண்ணி தெளிக்காதீங்க. மல்லி இல்ல இது, தண்டு வழியாத்தான் குடிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி இருக்கான்னு பாருங்க. வெயில் வேணாம், ஃபேன் காத்து வேணாம். பூ குத்தி வைக்கிற பச்சை ஸ்பாஞ்சுல குத்தாதீங்க, தண்டு உள்ளே காலி, நசுங்கிடும். முக்கியமா, பழம் பக்கத்துல வைக்கவே கூடாது. பழத்துலேர்ந்து வர்ற வாயு பட்டா இதழ் கொட்டிடும். மூடிக்கிச்சுன்னா பயப்படாதீங்க. வெளிச்சத்துல வச்சா தானா திறக்கும்."

"போதும்டி. இருபது வருஷமா பீடத்துக்குப் பூ வைக்கிறவ நான். எனக்குச் சொல்லித் தர்றியா?"

சீட்டைப் படிக்கவில்லை. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். நாலாய் மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வெள்ளை ரிப்பன் சுருளையும் வாங்கிக்கொண்டாள். பிறகும் போகாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"ஜோவி, நீ ராத்திரி ஹாலுக்கு வந்துடு. கேக்கு வெட்டி எல்லாம் முடிஞ்சு, ஒரு எட்டு மணிக்கு மேல."

"கோயிலுக்கு?"

மர்சலின் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள்.

"அப்பாகிட்ட, சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் உனக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். நூத்தி ரெண்டுன்னு."

வியாழக்கிழமை போனது பொக்கே மட்டும்தான். இன்றைக்குக் கோயிலே போய்விட்டது. பெற்ற தாய் இதைக் கேட்கிறாள். அவளுக்கும் வயிறு எரியாமலா இருக்கும்? எரிந்தது. ஆனால் சின்னவள் வாழப் போகிற வீட்டை நினைத்துப் பெரியவளை விட்டுக்கொடுத்தாள்.

"லிசாகிட்ட?"

"அவகிட்டயும் அதேதான் சொல்லியிருக்கேன்."

அம்மா கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதை ஜொவிட்டா அப்போது கவனிக்கவில்லை. பக்கெட்டைத் தானே தூக்கிப்போய் டாக்சியில் வைத்தாள். தண்ணீர் தளும்பாமல் இருக்க இரண்டு பக்கமும் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினாள். நாற்பது பூவும் அதற்குள் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

மந்தைவெளியில் ஜொவிட்டா இருந்தது ஒரு மாடிப் போர்ஷன். ஆபா அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பதினோரு மணிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள், ஒரு மணி வரை அங்கேதான் இருந்தாள்.

கல்யாணத்துக்கென்று எடுத்த இளம் ஊதாப் பட்டு, ஜாக்கெட் தைத்து இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கியது. அதை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுபோய் மாட்டினாள். சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் எங்கோ ஒரு கல்யாண வீட்டு மேளம் கேட்டது. முகூர்த்த நாள் போலிருக்கிறது. ஊரெல்லாம் கல்யாணம், இவளுக்கு மட்டும் காய்ச்சல்.

ஜன்னலோரம் லாய்டின் படம். அதற்கு முன்னால் எவர்சில்வர் சொம்பில் அந்த ஒன்பது கோணல் பூக்கள். நேற்றைக்கு வலப்பக்கம் வளைந்திருந்தவற்றை அவள் திருப்பி வைத்திருந்தாள். ஒரே ராத்திரியில் அவை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பப் பார்த்து, தண்டில் ரெட்டை வளைவு விழுந்திருந்தது. அரை அங்குலம் வளர்ந்தும் இருந்தன. வேர் இல்லை, மண் இல்லை, இன்னும் நாலைந்து நாள்தான் ஆயுசு. அதற்கு என்ன வளர்ச்சி வேண்டியிருக்கிறதோ!

"உன் மச்சினிச்சி கல்யாணம் இன்னிக்கு" என்று படத்திடம் சொன்னாள். "நான் போகலை." பிறகு சத்தம் போட்டே அழுதாள். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அடக்கிக்கொள்ள என்ன இருக்கிறது.

இரண்டே முக்காலுக்கு போன் அடித்தது. லிசா.

"அக்கா, பூவெல்லாம் போச்சுக்கா!"

"எல்லாமா? அழாம சொல்லு. எங்க வச்சீங்க?"

"அம்மா வாடக் கூடாதுன்னு தண்ணி தெளிச்சு, ஈரத் துண்டுல சுத்தி ஃப்ரிட்ஜுல வச்சாங்க."

"ஃப்ரிட்ஜுல வேற என்ன இருந்துச்சு?"

"சீர்த்தட்டுக்கு வாங்கின பழம்தான். ஆப்பிள், கொய்யா, சப்போட்டா…"

ஜொவிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். மல்லிகைக்குச் செய்கிற அத்தனை சிசுருஷையும் அம்மா ஒழுங்காகச் செய்திருக்கிறாள். இந்தப் பூவுக்கு அதுதான் எமன்.

"எடுத்துப் பாத்தா எல்லாம் மூடிக்கிச்சு. ஷண்முகப்ரியா, தாமரை மொட்டை விரிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா விரலால விரிச்சாங்க. இதழெல்லாம் கையோட வந்துடுச்சுக்கா. பயந்துபோய் அம்மாவும் உக்காந்து விரிச்சாங்க. நாப்பதும் போச்சு. இப்ப நடுவுல கறுப்பு மட்டும்தான் நிக்குது."

அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? தாமரையை விரல் வைத்து மடித்து விரித்துப் பழகின கை. இந்த ஊரில் எந்தக் கையும் அதைத்தான் செய்திருக்கும். வெளிச்சத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்திருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்கும். கல்யாண வீட்டில் யாரால் சும்மா இருக்க முடியும்!

"ரோஜா வாங்கிட்டு வரச் சொல்லலாங்கறாங்க அம்மா. எனக்கு வேணாம். நீ வாக்கா."

"எனக்குக் காய்ச்சல் லிசா."

மறுபக்கம் ஹேர் டிரையர் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது.

"உனக்குக் காய்ச்சல் இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"வியாழக்கிழமைலேர்ந்து." லிசாவின் குரல் உடைந்தது. "காய்ச்சல்னு சொல்லப் போறதையும் சேத்து அம்மா அன்னிக்கே எல்லாத்தையும் சொன்னாங்க. நான் ஒண்ணும் பேசலை. பேசியிருக்கணும். ஸ்டீவ் அம்மாவை நினைச்சா பயமா இருந்துச்சுக்கா."

காலையிலிருந்து பட்டது ஒன்றும் பெரிதில்லை. இதுதான் பெரிது. எதற்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாளோ அந்தப் பிள்ளைக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. சுவரில் சாய்ந்துகொண்டாள். போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கண் ஜன்னலுக்குப் போனது.

"என்கிட்ட ஒம்பது பூ இருக்கு" என்றாள். "கோணல் பூ. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது. லாய்ட் படத்துக்கு முன்னாடி வச்ச பூ அது."

லிசா மூக்கை உறிஞ்சினாள்.

"மாமா முன்னாடிதானே இருந்துச்சு? அவர் இல்லாட்டி ஸ்டீவே இல்லையே. எடுத்துட்டு வாக்கா." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பின் கேட் வழியா வா. மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பின்னால. நான் எப்படியாவது வந்து வாங்கிக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

ஜொவிட்டா ஹேங்கரில் தொங்கிய புடவையைப் பார்த்தாள்.

"பூவைக் கட்டிக் கொண்டு வர்றேன் லிசா. முன் வாசல் வழியாத்தான் வருவேன். என் கையிலதான் எடுத்துட்டு வருவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடு, ரோஜா வாங்க நேரம் இருக்கு."

"அக்கா…"

போன் அம்மா கைக்கு மாறியது.

"ஜோவி, உன் கால்ல வேணா விழறேம்மா. பின்னால வந்துடு. இன்னிக்கு ஒரு நாள். அவ வாழ வேணாமா?"

ஜொவிட்டா போனை வைத்துவிட்டாள். லிசா என்ன சொல்லியிருப்பாள் என்பது தெரியாமலேயே வைத்துவிட்டாள்.

ரிப்பன் அம்மாவிடம் இருந்தது. கம்பி வைத்தால் அந்த மெல்லிய தண்டை அறுத்துவிடும். சமையலறை ஆணியில் மாட்டியிருந்த வாழைநாரை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள். ஒன்பது பூவையும் இடக்கையில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். நேராக்கப் பார்க்கவில்லை. எது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை அந்தப் பக்கமே விட்டாள். வளைந்த தண்டுகள் வெளிப்பக்கம் விரிந்து, நேர்ப்பூ நாற்பதில் வராத ஒரு அழகு வந்தது. பிடி சிறிதுதான். லிசாவின் கையும் சிறிதுதான். நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்காமல் முடிந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்டின் சாறு பட்டால் அரிக்கும்.

பிறகு இளம் ஊதாப் பட்டைக் கட்டிக்கொண்டாள். லாய்ட் படத்துக்கு முன்னால் இப்போது ஒன்றும் இல்லை.

ஆட்டோவில் பொக்கே வைத்த சொம்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, தண்ணி ஊத்திக்கினே வருது. பட்டுப் பொடவை நாசமாப் பூடப் போவுது" என்றார் டிரைவர்.

"பரவால்லண்ணே. மெதுவா போங்க, போதும்."

பட்டினப்பாக்கம் பக்கமிருந்து மீன் வாடையோடு கடல்காற்று வந்தது. முந்தானையால் பூவை மறைத்துக்கொண்டாள். பின் கேட்டுக்குத் திரும்பும் சந்து வந்தபோது டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இப்படியா?" என்று கேட்டார். மனசு ஒரு நொடி தடுமாறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நேராப் போங்க" என்றாள்.

நாலு பத்து. கோயில் முன் வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஸ்டீவின் அம்மா, அரக்குப் பட்டில். அடுத்து மர்சலின். நடுவில் கோட்டும் சூட்டுமாக அப்பா இக்னேஷியஸ். முப்பது வருஷம் மைதானத்தில் கத்திக் கத்தி வேலை பார்த்த பி.டி. வாத்தியார். ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

ஆட்டோவிலிருந்து இறங்கினவளை மர்சலின்தான் முதலில் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அட, ஜோவி!" இக்னேஷியஸ் இரண்டே எட்டில் வந்துவிட்டார். "காய்ச்சலோட எதுக்கும்மா வந்தே? சொன்னா கேக்க மாட்டியே!" புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார். பிறகு கழுத்தில் வைத்தார். திரும்ப நெற்றியில் வைத்துப் பார்த்தார். "சுடவே இல்லையே! மர்சலின், நூத்தி ரெண்டுன்னியே, பிள்ளைக்கு உடம்பு ஜில்லுன்னு இருக்கே?"

வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டிய கையோடு ஸ்டீவின் அம்மா அப்படியே நின்றாள். அவள் பார்வை ஜொவிட்டாவின் முகத்தில் இல்லை. சொம்பைப் பிடித்திருந்த விரல்களில் இருந்தது. சாயந்திர வெயில் பட்டு ஒன்பது பூவும் முழுசாகத் திறந்திருந்தன.

"எனக்குக் காய்ச்சல் இல்லப்பா" என்றாள் ஜொவிட்டா. "வரவே இல்ல. இது லிசாவோட பொக்கே. நான்தான் கட்டினேன். நான் கட்டக் கூடாதுன்னாங்க. கோயிலுக்கும் வரக் கூடாதுன்னாங்க. இதை யார்கிட்ட குடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

இக்னேஷியஸ் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மர்சலின் தலை நிமிரவே இல்லை. ஊரையே அதட்டுகிற அந்தக் குரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அடங்கிப் போனது.

"யாரும்மா சொன்னது?" என்று, ஜொவிட்டாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜோடித்த கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் வெள்ளைப் புடவையும் முக்காடுமாக லிசா. ரோஜா எதுவும் வாங்கியிருக்கவில்லை. இரண்டு கைகளும் மடியில் காலியாகக் கிடந்தன.

கண்ணாடி வழியே அவள் அக்காவைப் பார்த்தாள். பிறகு ஸ்டீவின் அம்மாவைப் பார்த்தாள். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. கார்க் கதவின் கைப்பிடியில் விரலை வைத்தவள், இன்னும் திறக்கவில்லை.